உப்பு டப்பா இருந்த இடத்திலேயே இருக்கட்டும்

(நமது குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், முதல் மாடியில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற வங்கி எழுத்தர் ஆற்றிய உரை. அவர் சொல்லச் சொல்ல எழுதி, படித்துக் காட்டி, அவர் ஒப்புதலுடன் வெளியிடுகிறோம்.)



"சமையலறைப் பாதுகாப்பு பற்றிப் பத்து நிமிடம் பேசுங்க அக்கா" என்று செயலாளர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலது கண்ணில் பார்வையே இல்லை, இடது கண்ணில் ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற அளவுதான் மிச்சம். என்னிடம் போய் அடுப்பு பற்றிக் கேட்கிறாரே என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், இந்தக் கட்டடத்தில் அடுப்பைப் பற்றி என்னைப்போல் தினமும் யோசிக்கிறவர் வேறு யாரும் இருக்க முடியாது. அதனால் ஒப்புக்கொண்டேன்.

நான் பி.காம். படித்து, 33 ஆண்டு வங்கியில் எழுத்தராக வேலை பார்த்தவள். பாதிக் காலம் கேஷ் கவுண்டர். 2018ல் ஓய்வு பெற்றேன். அடுத்த ஆண்டுதான் எனக்குக் கிளாக்கோமா என்று தெரிந்தது. கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தால் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும் நோய் அது. வலி கிடையாது. ஓரப் பார்வைதான் முதலில் போகும். நேராகப் பார்ப்பது கடைசிவரை நன்றாகவே இருக்கும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை படித்துவிட்டு, "கண் நல்லாத்தான் இருக்கு" என்று நான் வீடு திரும்பியது எத்தனையோ தடவை. கதவு நிலையில் தோள் இடிக்கும், படியில் கால் தடுக்கும். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கண்புரை என்றால் அறுவை செய்து பார்வையை மீட்கலாம். கிளாக்கோமாவில் போனது போனதுதான். இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து.

இனி அடுப்படிக்கு வருகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், பாத்திரம் இறக்கும் பிடிதுணியை அடுப்போரம் வைத்துவிட்டேன். நுனியில் தீப்பிடித்தது. வாசனை வந்ததுமே தெரிந்து, எடுத்துத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். கைகூடச் சுடவில்லை. ஆனால் என் கணவர் பார்த்துவிட்டார்.

மறுநாள் காலை காபி போடப் போனால் ஆணியில் லைட்டரைக் காணோம். மேடை முழுக்கத் தடவினேன், இல்லை. "நீ உட்காரும்மா, இனிமே மெஸ்ஸில் சொல்லிக்கலாம்" என்றார். மகன் கோயம்புத்தூரிலிருந்து போனில், "இத்தனை வருஷம் சமைச்சது போதும்மா, ரெஸ்ட் எடுங்க" என்றான். இரண்டு பேரும் பாசத்தில்தான் சொன்னார்கள். அதனால்தான் பதில் சொல்ல முடியவில்லை. வங்கியில் ஒருவரை சஸ்பெண்ட் செய்தால்கூடச் சம்பளத்தில் ஒரு பகுதியாவது கொடுப்பார்கள், விசாரணை வைப்பார்கள். எனக்கு அதுவும் இல்லை.

அந்த நான்கு மாதம் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். பேப்பர் படிப்பது ஏற்கெனவே போயிருந்தது. இப்போது வீட்டில் எனக்கென்று வேலையே இல்லை. ஒருநாள் வந்திருந்த விருந்தாளி, எதிரில் நான் உட்கார்ந்திருக்க, என் கணவரைப் பார்த்து, "அக்காவுக்குக் காபியில சர்க்கரை போடலாமுங்களா?" என்று கேட்டார். எனக்குப் போனது பார்வை. காதும் வாயும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் சமையலறையிலிருந்து என்னை வெளியே உட்காரவைத்த பிறகு, அதுவும் போய்விட்டது மாதிரிதான் எல்லோரும் நடந்துகொண்டார்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெஸ் விடுமுறை. என் கணவருக்குக் கடும் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. லைட்டர் எங்கே என்று நான் கேட்கவில்லை. பூஜை அலமாரியில் விளக்குக்குப் பக்கத்தில் தீப்பெட்டி இருப்பது எனக்குத் தெரியும். அதை எடுத்து அடுப்பைப் பற்றவைத்து நொய்க்கஞ்சி வைத்தேன். (தீக்குச்சியோடு நான் செய்ததை நீங்கள் யாரும் செய்யாதீர்கள்.) அவர் ஒரு தம்ளர் குடித்தார். இன்னொரு தம்ளர் கேட்டார். வேறொன்றும் பேசவில்லை. மறுநாள் காலை ஆணியில் லைட்டர் தொங்கியது. இதைப் பற்றி இதுவரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அவர் இப்போது இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்கிறோம்.

அதற்குப் பிறகு சமையலறையை ஒரு வங்கிக் கிளை மாதிரி மாற்றினேன். கேஷ் கவுண்டரில் முத்திரை, மை, ரப்பர் பேண்டு எல்லாம் எங்கே இருக்கிறதென்று குனிந்து பார்க்க மாட்டோம். கை தானாகப் போகும். அதே முறைதான். எடுத்த பொருள் எடுத்த இடத்துக்கே திரும்பும். நாள் முடிவில் டேலி ஆகவேண்டும்.

பருப்பு டப்பாக்களை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறேன் என்று பலர் கேட்கிறீர்கள். 2016க்குப் பிறகு வந்த ரூபாய் நோட்டுகளின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். 100 ரூபாயில் 4 கோடுகள், 200ல் 4 கோடுகளும் நடுவே 2 வட்டங்களும், 500ல் 5 கோடுகள் மேடாக இருக்கும். பார்வையற்றவர்களுக்காகவே ரிசர்வ் வங்கி வைத்த அடையாளம் அது. அதையே நான் டப்பாவுக்குக் கொண்டுவந்தேன். ஒரு ரப்பர் பேண்டு என்றால் துவரை, இரண்டு என்றால் பாசிப்பருப்பு, மூன்று என்றால் உளுந்து. கல் உப்பு பீங்கான் ஜாடியில், சர்க்கரை எவர்சில்வர் டப்பாவில். மிளகாய்த்தூளில் மரக்கரண்டி, மஞ்சள்தூளில் இரும்புக்கரண்டி. கை வைத்ததுமே தெரிந்துவிடும்.

சமையலில் கண்ணுக்கு நாம் நினைப்பதைவிட வேலை குறைவு. எங்கள் அப்பா காலத்தில் இந்தப் பக்கம் கரும்பு ஆலை ஓடும்போது இரவில் போய் வேடிக்கை பார்ப்போம். கொப்பரையில் பாகு கொதிக்கும். பதம் பார்க்கிறவர் துளி பாகைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துத்தான் "இறக்கலாம்" என்பார். வெல்லத்துக்குப் பேர்போன நம் ஊரில் கண்ணை நம்பிப் பாகு இறக்கியதில்லை, விரலை நம்பித்தான் இறக்கினார்கள். கடுகு வெடித்து ஓய்வது காதுக்குத் தெரியும். வெங்காயத்தின் பச்சை வாசனை போய் இனிப்பு வாசனை வருவது மூக்குக்குத் தெரியும். தோசையில் ஈரம் வற்றினால் அந்த "சுர்ர்" சத்தம் அடங்கும். அரிசிக்குத் தண்ணீர் விரல்கணு அளவு. பால் குக்கர் விசிலடிக்கும். பணியாரச் சட்டி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு குழியும் அதனதன் இடத்தில் இருக்கும், எதுவும் நகராது.

அபாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. அதனால் சில விதிகள் வைத்திருக்கிறேன். பாத்திரத்தை அடுப்பில் சரியாக வைத்துவிட்டுத்தான் பற்றவைப்பேன், அடுப்பை அணைத்த பிறகுதான் பாத்திரத்தைத் தொடுவேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வேன். பிடிதுணி இப்போது சுவரில், அடுப்புக்கு எதிர்ப்பக்கம். தண்ணீரையும் எண்ணெயையும் ஆறியிருக்கும்போதே அளந்துகொள்வேன். எண்ணெயைச் சாய்த்து ஊற்றாமல் சின்னக் குழிக்கரண்டியால் முகந்து எடுப்பேன். இரவு படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுவேன். காய் நறுக்கக் கத்தியைவிட அரிவாள்மனைதான் எனக்குத் தோது. கத்தி நகரும், இது நகராது. வேலை முடிந்ததும் மடக்கிவிடுவேன். எண்ணெய்ச் சட்டி வைத்துப் பொரிப்பது மட்டும் தனியாகக் கிடையாது. வங்கிப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் இருந்தால்தான் திறக்கும். வடைக்கும் எங்கள் வீட்டில் அதே சட்டம்.

பார்வை கொஞ்சம் மிச்சம் இருப்பவர்களுக்கு ஒன்று. வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு தெரியாது. வெங்காயம் நறுக்கக் கறுப்புப் பலகை, சாம்பாருக்கு வெளிர்நிறக் கிண்ணம் வையுங்கள். மேடைக்கு மேலே ஒரு நல்ல விளக்கு போடுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை.

கேக் செய்யக் கற்றுக்கொண்டது பார்வை குறைந்த பிறகுதான். அடுப்பைவிட ஓவன் எனக்குச் சுலபம். திறந்த தீ இல்லை, கிளற வேண்டாம், நேரமானால் மணியடிக்கும். தொடுதிரை ஓவன் வாங்கிவிடாதீர்கள், விரலுக்கு ஒன்றும் தெரியாது. திருகும் குமிழ் உள்ளதாகப் பாருங்கள். குமிழில் 180 டிகிரி வரும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறேன், கல் வைத்த பொட்டு. போன தீபாவளிக்கு உங்களில் பலர் சாப்பிட்டது இதுதான்: 200 கிராம் கோதுமை மாவு, 150 கிராம் சலித்த நாட்டுச் சர்க்கரை, நன்றாகக் கனிந்த வாழைப்பழம் 3, எண்ணெயும் தயிரும் தலா 100 மில்லி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா அரை. சூடேறிய ஓவனில் 180 டிகிரியில் 40 நிமிடம். ஈர்க்குச்சியால் குத்தி, குச்சியை விரலால் தடவினால் வெந்ததா என்று தெரியும். தட்டைச் சூட்டோடு வெளியே எடுக்க நான் அவசரப்படுவதில்லை. ஓவனை அணைத்துக் கதவைத் திறந்துவிட்டு, ஆறிய பிறகுதான் எடுப்பேன்.

இது என் ஒருத்தியின் சாமர்த்தியம் இல்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கிறிஸ்டின் ஹா என்ற பெண் பார்வை போன பிறகும் சமைத்து, 2012ல் அங்கே "மாஸ்டர்செஃப்" போட்டியில் முதல் பரிசு வாங்கினார். ஒரு சுற்றில் ஆப்பிள் பை செய்துவிட்டு, கெட்டுப்போயிருக்குமோ என்று கண்கலங்கி நின்றார். நடுவர் கோர்டன் ராம்சே கத்தியால் அதன் மேல் ஓட்டைச் சுரண்டி, அந்த மொறுமொறுச் சத்தத்தை அவர் காதில் விழவைத்தார். எனக்கு அந்த இடம் பிடிக்கும். அவர் பையை அலங்கரித்துக் கொடுக்கவில்லை, "பாவம்" என்று சொல்லவில்லை. எப்படி வந்திருக்கிறது என்பதை அவருக்குப் புரிகிற வழியில் தெரிவித்தார், அவ்வளவுதான்.

நம் பக்கத்திலேயே ஒருவரைச் சொல்கிறேன். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை 1976ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் அவருடைய விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களையே பழக்கி, கத்தி பிடித்து, ஒரு லட்சத்துக்கும் மேல் கண் அறுவை செய்தார். மருத்துவமனையைத் தொடங்கியது அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 58 வயதில். விரலுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வயது தடையில்லை என்பதற்கு அவரைவிடச் சாட்சி வேண்டாம்.

முடிக்கும் முன் உங்களிடம் நான்கு வேண்டுகோள்.

ஒன்று. 40 வயது தாண்டியவர்கள் கண்ணாடி பவர் பார்ப்பதோடு நிற்காமல், கண் மருத்துவரிடம் கண் அழுத்தமும் பார்வை நரம்பும் பாருங்கள். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களுக்குக் கிளாக்கோமா இருந்தால் கட்டாயம். என் சித்தப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் பார்வை போனது. அதற்குப் பெயர் என்ன என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. எனக்கும் தெரிந்த பிறகு என் தம்பியைப் பரிசோதிக்கச் சொன்னேன். அவனுக்கும் தொடக்க நிலை. சொட்டு மருந்து போடுகிறான், வண்டி ஓட்டுகிறான்.

இரண்டு. வீட்டில் யாருக்காவது பார்வை குறைந்தால் கரண்டியைப் பிடுங்காதீர்கள். "எது பயமா இருக்கு, எதை மாத்தலாம்?" என்று அவர்களிடமே கேளுங்கள். எண்ணெய்ச் சட்டியை விட்டுவிடலாம், ரசத்தையும் சேர்த்து விடவேண்டியதில்லை.

மூன்று. உதவிக்கு வருகிறவர்கள் முதலில் பெயரைச் சொல்லுங்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அடுக்கிக் கொடுக்கிறேன் என்று பொருளை இடம் மாற்றாதீர்கள். நீங்கள் துடைத்துப் பளபளவென்று வைத்துவிட்டுப் போன சமையலறையில் உப்பைத் தேடி நான் அரைமணி நேரம் அலைந்திருக்கிறேன். உப்பு டப்பா இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

நான்கு, சங்கத்துக்கு. படிகளின் ஓரத்தில் மஞ்சள் பட்டை அடித்துக் கொடுங்கள். நடைபாதையில் செருப்பு அலமாரி, சைக்கிள், காலி கேன் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு மட்டும் இல்லை, இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

மூன்றாம் மாடிக் குட்டிப் பெண் வாரம் ஒருநாள் வந்து, பாக்கெட்டுகளில் காலாவதித் தேதி படித்துச் சொல்கிறாள். கூலி பன்னிரண்டு பணியாரம். கணக்கில் ஒருநாளும் விட்டதில்லை. அவளுக்கு இந்தக் கூட்டத்தில் என் நன்றி.

பின்னால் மேசையில் கேக் வைத்திருக்கிறேன். இன்று காலை செய்தது. சாப்பிட்டுவிட்டு எப்படி இருக்கிறதென்று சொல்லுங்கள். என் கணவரிடம் சொல்லவேண்டாம், என்னிடம் சொல்லுங்கள்.