தோட்டமும் அரூப ஓவியமும்

(டெல்லியில் நடந்த மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரிடையர் ஆன பிறகு நான் ஓவியம் போடுகிறேன் என்பது இங்கே பலருக்குத் தெரியும். என்ன மாதிரி ஓவியம் என்று கேட்பவர்களிடம் 'அப்ஸ்ட்ராக்ட்' என்று சொன்னால் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். "இதை என் பேரனே போடுவானே சார்!" என்று ஒரு நண்பர் மனம் விட்டே சொல்லிவிட்டார். நியாயமான சந்தேகம்தான். அதற்குப் பதில் சொல்லத்தான் செயலாளர் எனக்கு இருபது நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் கலைக் கல்லூரிப் பக்கம் போனவனல்ல. பி.எஸ்ஸி. பௌதிகம், அதன் பிறகு 34 வருஷம் மத்திய சர்க்கார் உத்தியோகம். ஆகவே பௌதிகத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். "உராய்வே இல்லாத ஒரு தளத்தில் ஒரு பொருள் நகர்கிறது" என்று கணக்குப் போட்டோமே, அப்படி ஒரு தளம் உலகத்தில் உண்டா? கிடையாது. ஆனாலும் அது பொய்யல்ல. சில்லறை விவரங்களை ஒதுக்கி வைத்தால்தான் இயக்கத்தின் விதி தெரியவரும். அப்ஸ்ட்ராக்ட் என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கே பிரித்தெடுத்தல் என்றுதான் பொருள். தமிழில் அரூப ஓவியம் என்கிறோம். நம் வீட்டு வாசலில் புள்ளி வைத்துப் போடுகிற சிக்குக் கோலத்தைப் பார்த்து "இது என்ன படம்?" என்று யாரும் கேட்பதில்லை. அழகும் ஒழுங்கும் இருக்கின்றன. அது போதும் என்று விட்டுவிடுகிறோம்.

அரூபம் என்றால் பார்க்காமல் கிறுக்குவது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. உண்மை அதற்கு நேர் எதிரானது. ரொம்ப நாள் பார்த்தவனுக்குத்தான் எதை விடலாம் என்று தெரியும். இதற்கு நான் கொடுக்கும் முதல் சாட்சி பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனே.

மோனே பிறந்தது 1840-இல். 1883-இல் ஜிவெர்னி என்ற கிராமத்துக்குக் குடிவந்தார். 1893-இல் வீட்டுக்கு எதிரே நிலம் வாங்கி, பக்கத்து ஓடையிலிருந்து தண்ணீர் திருப்பி ஒரு குளம் அமைத்தார். வெளிநாட்டுச் செடிகளால் தண்ணீர் கெட்டுவிடும் என்று ஊரார் ஆட்சேபித்தார்கள். (சர்க்கார் ஆபீஸில் இருந்த நமக்கு இந்த மாதிரி மனுக்கள் புதிதல்ல!) எப்படியோ அனுமதி வாங்கி, அல்லி வளர்த்து, ஜப்பானிய பாணியில் ஒரு பாலமும் கட்டினார். அந்தக் குளத்தை வைத்தே சுமார் 250 ஓவியங்கள் போட்டார். ஆரம்பத்தில் பாலம், கரை, மரம் எல்லாம் உண்டு. வருஷங்கள் போகப் போக முதலில் வானம் போயிற்று, பிறகு கரையும் போயிற்று. கடைசியில் தண்ணீரும் அதில் விழுந்த வெளிச்சமும்தான் மிச்சம்.

இந்தக் காலத்தில் அவர் பட்ட கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். 1911-இல் மனைவி காலமானார். 1914-இல் மூத்த மகனும் போய்விட்டார். நடுவில் 1912-இல் இரண்டு கண்களிலும் புரை என்று டாக்டர் சொன்னார். புரை விழுந்த லென்ஸ் மஞ்சளும் பழுப்புமாகி நீல ஒளியைத் தடுத்துவிடும். எது எந்த வர்ணம் என்பது கண்ணுக்குத் தெரியாமல், ட்யூபின் மேல் ஒட்டிய லேபிளைப் பார்த்து வர்ணம் எடுத்தார். அந்த நாளில் அவர் போட்ட பாலத்தின் படங்கள் செம்பழுப்பாக எரிகின்றன. பாலத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1923-இல், 82 வயதில், வலது கண்ணில் ஆபரேஷன். அதன் பிறகு நிறங்களைச் சரிசெய்ய வர்ணக் கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடியும் வேலைக்கு உட்கார்ந்தார். 1926 டிசம்பரில் 86-ஆவது வயதில் காலமானார். பாரீஸில் ஒராஞ்சரி மண்டபத்தில் இரண்டு நீள்வட்ட அறைகளில் 22 பெரிய பலகைகளாக அவருடைய அல்லிக்குளம் இருக்கிறது. மக்களுக்குத் திறந்தது 1927-இல். அந்தப் பெரும் பணியை அவர் தொடங்கியபோது வயது 70-ஐத் தாண்டிவிட்டது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் அநேகம் பேர் அதைவிட இளையவர்கள்!

நம் நாட்டுக்கு வருவோம். எஸ்.எச். ரஸா 1922-இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தில் பிறந்தவர். தகப்பனார் வன இலாகாவில் ரேஞ்சர். நர்மதை ஓடும் மண்ட்லா ஜில்லாவின் காடுகள்தான் அவர் பார்த்த முதல் தோட்டம். பள்ளியில் மனம் அலைபாய்ந்த சிறுவனுக்கு ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து, அதையே பார் என்றாராம். 1950-இல் பிரான்ஸுக்குப் போய், அறுபது வருஷம் அங்கே இருந்தார். முதலில் அந்த ஊர்களின் வீடுகளையும் மாதா கோயில்களையும் வரைந்தார். பிறகு வீடுகள் கரைந்து நிறங்களாயின. 1970-களின் கடைசியிலிருந்து அந்தப் பழைய புள்ளி 'பிந்து'வாகத் திரும்பி வந்தது. 2016-இல் டெல்லியில் 94 வயதில் காலமானார். அடக்கம் செய்தது மண்ட்லாவில், தகப்பனாருக்குப் பக்கத்தில்.

ராம்குமார் சிம்லாவில் 1924-இல் பிறந்தவர், பொருளாதாரம் படித்தவர். முதலில் நகரத்து ஏழை எளியவர்களின் வாடிய முகங்களையே வரைந்தார். 1960 வாக்கில் எம்.எஃப். ஹுசைனோடு காசிக்குப் போனார். அத்தனை கூட்டம் நிறைந்த காசியை வரைந்தபோது அவர் படத்தில் ஒரு மனிதர்கூட இல்லை! படித்துறையும் வீடுகளும் நெருக்கியடித்த கட்டங்களாகவும், கங்கை ஒரு சாம்பல் பட்டையாகவும் மாறிவிட்டன. காசிக்குப் போய்வந்தவர்களுக்கு அந்தப் படங்களைப் பார்த்தால் மனம் கனக்கும்.

உத்தியோகஸ்தர்களுக்கு இதெல்லாம் வருமா என்று கேட்பவர்களுக்கு அச்சுதன் கூடலூரைச் சொல்வேன். கேரளத்தில் நிளா நதிக்கரைக் கிராமத்தில் பிறந்தவர். சென்னையில் பொதுப்பணித் துறையில் எஞ்சினீயராக இருந்துகொண்டே ஓவியம் பழகினார். பின்னாளில் நாடறிந்த அரூப ஓவியரானார், 2022-இல் மறைந்தார்.

சரி, நாம் எப்படி ஆரம்பிப்பது? நான் செய்வதைச் சொல்கிறேன்.

லோதி கார்டனில் எட்டுத் தூண் பாலத்தருகே ஒரு பெஞ்சில் அரை மணி உட்காருவேன். கேமரா கிடையாது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் இலை, கிளை எல்லாம் மறைந்து இருட்டும் வெளிச்சமும் பெரிய பெரிய திட்டுகளாகத் தெரியும். ஜனவரி மாதத்துப் பனிமூட்டத்தில் அந்தச் சிரமமும் இல்லை. டெல்லியே அரூப ஓவியமாகத்தான் இருக்கிறது! நோட்டுப் புத்தகத்தில் மூன்றே விஷயம் எழுதுவேன்: இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே; கோடுகள் எந்தத் திசையில் போகின்றன; எந்த நிறம் எத்தனை பங்கு. பிறகு இரண்டு நாள் சும்மா இருப்பேன். அதற்குப் பிறகும் மனதில் நிற்பது எதுவோ அதுதான் படம்.

வர்ணம் அக்ரிலிக். சீக்கிரம் காயும், வாடை இல்லை, தூரிகையைத் தண்ணீரில் கழுவிவிடலாம். ஆகவே வீட்டில் ஆட்சேபணை வராது. பச்சையை ட்யூபிலிருந்து அப்படியே பூசாமல் மஞ்சளும் நீலமும் கலந்து செய்தால் எத்தனையோ விதப் பச்சை கிடைக்கும். அடியில் முதலில் செங்காவி பூசிக் காயவிட்டு, மேலே பச்சை போட்டால் அதற்கு உயிர் வரும். கை நடுங்குகிறவர்கள் இரண்டு அங்குலப் பட்டைத் தூரிகை வாங்குங்கள். தோளிலிருந்து அசைத்துப் போடலாம், விரல் நடுக்கம் தெரியாது. படத்தைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பாரமாக இருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

நல்லதும் அல்லாததும் இதிலும் உண்டு. பெயருக்காக விலை போகிற படங்களும் உண்டு. என் படத்துக்கு நான் வைத்துக்கொண்ட பரீட்சை ஒன்றுதான்: ஓர் இடத்தைப் பார்த்ததால் பிறந்ததா, இல்லையா?

அந்தப் பரீட்சைக்கு மார்க் போட்டவர் என் அக்கா. மாட்டுங்காவில் இருக்கிறார், வயது 84. இப்போது பேரன் பேத்திகளின் பெயர்கூடச் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு 1978-இல் கைமாறிவிட்டது. அந்தக் காலத்தில் போட்டோ என்றால் கல்யாணத்துக்குத்தான். கொல்லைப்புறத்தை யார் போட்டோ எடுத்தார்கள்? நான் நினைவிலிருந்து ஒரு படம் போட்டேன். மூன்று பச்சைப் பட்டைகள், நடுவில் கறுப்பாக ஒரு சதுரம், மேலே சாய்வாக ஒரு மஞ்சள் கீற்று, அவ்வளவுதான். ஒரு இலைகூட வரையவில்லை. பம்பாய் போனபோது, என்ன படம் என்று சொல்லாமல் அக்கா முன்னால் வைத்தேன்.

கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏண்டா, இது நம்மாத்துக் கொல்லைன்னா? கிணத்தடி. மத்தியானம் மூணு மணி இருக்கும். அம்மா இன்னும் எழுந்துக்கலை" என்றார்.

நான் மணியைப் பற்றி யோசித்துப் போடவில்லை. வெயில் விழுந்த சாய்விலிருந்து அக்கா அதைப் படித்துவிட்டார். கிணற்றையும் வாழைகளையும் ஒவ்வொன்றாக வரைந்திருந்தால், கயிறு எங்கே, ராட்டினம் எங்கே என்று தேடியிருப்பாரோ என்னவோ. படம் இப்போது அவர் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறது.

இந்தப் பத்திரிகையைப் படிக்கப்போகிற அன்பர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். பெங்களூரில் லால்பாக் இருக்கிறது. கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் ஷிப்பூர் தாவரவியல் தோட்டம் இருக்கிறது. மாட்டுங்காக்காரர்களுக்கு ஃபைவ் கார்டன்ஸ் நடக்கிற தூரம். வாக்கிங் எப்படியும் போகிறோம். நடந்து முடித்ததும் ஒரு அரை மணி உட்கார்ந்து பாருங்கள். வர்ணம் வாங்குவது அப்புறம் இருக்கட்டும். இப்போதைக்கு ஒரு நோட்டும் பென்சிலும் போதும். தவிர, நீங்கள் வளர்ந்த வீட்டின் கொல்லை நினைவிலிருந்தால் அதை முதலில் போடுங்கள். அடையாளம் கண்டுபிடித்துச் சொல்ல ஒரு அக்காவோ அண்ணாவோ இருக்கும்போதே போட்டுவிடுவது நல்லது.