ஈமக்குழியில் கிடைத்த இருவரிச் சான்று

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

  

ஓரினத்தின் தொன்மையைப் பேசுங்கால், வானளாவிய கோயில்களையும் வலிய கோட்டைகளையுமே நாம் சுட்டுகின்றோம். இன்று நான் எடுத்துக்கொண்டதோ விரல்நுனியளவான ஒரு சிறுபொருள். ஆனால், அது வாய்திறந்து பேசுகின்றது!

யாழ்ப்பாண நகரையடுத்த ஆனைக்கோட்டையில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில், 1980-81ஆம் ஆண்டுகளில் பெருங்கற்கால ஈமக்குழியொன்றை அகழ்ந்தனர். நீளக் கிடத்தப்பெற்ற எலும்புக்கூடு. கருப்பு சிவப்பு மட்கலங்கள். அவற்றோடு மாக்கல்லாலான ஒரு முத்திரை. கணையாழியொன்றில் பதிக்கப்பெற்றிருந்த அம்முத்திரை 2 செண்டிமீட்டர் அளவுகூட இல்லை.

அதில் இருவரிகள். மேல்வரியில் குறியீடுகள்; கீழ்வரியில் மூன்று எழுத்துகள். பிராமி என்பார் கூறும் நம் தமிழியே அது. எழுத்தமைதி கொண்டு, கி.மு. 3ஆம் நூற்றாண்டையொட்டியதென அறிஞர் கணித்துள்ளனர். 'கோவேத' எனவும், 'கோவேந்த' எனவும் அறிஞர் படித்தனர். எங்ஙனம் படிப்பினும் முன்னிற்பது 'கோ'! தலைவனைக் குறிக்கும் தொன்மைத் தமிழ்ச்சொல்.

இப்பொருளின் வேர் எங்குள்ளது? மூன்று சான்றுகளை ஒருங்கே நோக்குங்கள். ஒன்று, உடன்கிடைத்த கலங்கள். ஆதிச்சநல்லூரிலும் கொடுமணலிலும் கிடைத்த அதே கருப்பு சிவப்பு வகையின. இரண்டு, குறியீடுகள், நம் பழம்பானையோடுகளில் காணும் குறியீட்டு மரபைச் சேர்ந்தன. மூன்று, மொழி. கடல் வாணிகத்தில் வந்த பொருளாகலாமே என்பாருளர். ஓடொன்று, மணியொன்று தனித்துக் கிடைத்திருப்பின் அவ்வாறு ஐயுறலாம். இங்கோ ஈமமுறையும் கலமும் குறியும் சொல்லும் ஒரே குழியில் உடன்நிற்கின்றன.

சோழர் படையெடுப்போடு வந்தேறியவரே ஈழத்தமிழர் என்று இன்றும் கூறுவாருக்கு இச்சிறு முத்திரை விடையிறுக்கின்றது. ஈழத்தில் தமிழரின் பெருங்குடியிருப்புகள் 10ஆம் நூற்றாண்டளவிலேயே தொடங்கின எனத் தம் 1965ஆம் ஆண்டு ஆய்வேட்டில் எழுதியவரும் அதே இந்திரபாலாவே. பின்னர் வெளிப்பட்ட தொல்பொருட் சான்றுகளை எண்ணிப் பார்த்து, 2005இல் வெளியிட்ட நூலில் அம்முடிவைத் தாமே மாற்றியமைத்தார். சான்றுக்குத் தலைவணங்கிய அந்நேர்மையே ஆய்வின் உயிர்.

அந்நேர்மை நமக்கும் வேண்டும். சிந்துவெளிக் குறியோடு இக்குறியை ஒப்பிடுவோர் உளர். ஒப்புமை வேறு, மெய்ப்பிப்பு வேறு. மிகைபடக் கூறின், மெய்யையும் பிறர் நம்பார்.

இறுதியாக ஒன்று. ஏர்முனையில் தாழி தட்டுப்பட்டால் உடைக்காதீர்! உள்ளிருப்பதை எடுத்து விற்காதீர்! கிடந்த இடத்தினின்று பெயர்த்த பொருள் ஊமையாகிவிடும். உழவை நிறுத்தித் தொல்லியலாளர்க்குச் சொல்லுங்கள். மண்ணைக் காப்போம், மண் நம்மைக் காக்கும்.

வாழ்க தமிழ்!