சட்டியும் டின்னும்



பெரட்டுக்கு நேரமாகிவிட்டது; அடுப்படியில் குழந்தை சட்டியை உருட்டுகிறது. “கீழே வைடா!” என்று பிடுங்கிவிடுகிறோம். கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். மிலோ டின்னுக்குள் பால் டின் போகிறது; பால் டின்னுக்குள் மிலோ டின் போகமாட்டேன் என்கிறது. திருப்பிப் பார்க்கும், தட்டிப் பார்க்கும், அழும், மறுபடி முயலும். பெரிது, சிறிது, உள்ளே, வெளியே என்று முதலாம் ஆண்டில் நாங்கள் கரும்பலகையில் எழுதுவதை அது ஒன்றரை வயதிலேயே கையால் படிக்கிறது.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோமாபுரியில் குழந்தைகள் இல்லம் தொடங்கியதும் நம்மைப்போல் வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்குத்தான். அங்கே பிள்ளைகள் பெருக்கினார்கள், துடைத்தார்கள், சாப்பாடு பரிமாறினார்கள். போர்க்காலத்தில், 1942 முதல் 1944 வரை, பிரிஞ்சாங்கைப் போலவே குளிர்ந்த கொடைக்கானலில் அவர் இருந்தார். அவர் செய்த மரச்சாமான்கள் நமக்குக் கட்டுப்படியாகாது. அதனாலென்ன, கொழுந்துக்கூடை இருக்கிறதே!

சுடுநீர், மண்ணெண்ணெய், சில்லறைக் காசு இவை மட்டும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். டின் விளிம்பைத் தடவிப் பார்த்துக் கொடுங்கள். களைக்கொல்லி மருந்து வந்த டப்பாவை மட்டும், எத்தனை முறை கழுவினாலும், பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.