90 கிலோமீட்டர், 6 நாள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசியதைப் பேசியபடியே, அங்கங்கே கொஞ்சம் திருத்தி எழுதித் தந்திருக்கிறேன்.)



செயலாளர் என்னிடம், "மேடம், பயண அனுபவம் பற்றிப் பதினைந்து நிமிஷம் பேசுங்க" என்றார். எனக்கு முன்னால் பேசிய நண்பர் லடாக் போய் வந்ததைச் சொன்னார். இன்னொருவர் சுவிட்சர்லாந்துப் பனிமலையைத் திரையில் போட்டுக் காட்டினார். நான் போனது திருச்சியிலிருந்து காரைக்குடிக்கு. சிரிக்காதீர்கள்! புதுக்கோட்டை வழியாகச் சுமார் 90 கிலோமீட்டர். பஸ் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். நான் என் ஸ்கூட்டரில், தோளில் ஒரு கேமராவோடு, தனியாகப் போனேன். ஆறு நாள் ஆயிற்று. ஏன் ஆறு நாள் ஆயிற்று என்பதுதான் இன்றைக்குப் பேச்சு.

நான் 1981-84 பிஎஸ்ஸி இயற்பியல் மாணவி. அப்போது நம் கல்லூரியில் புகைப்பட மன்றம் என்று ஒன்று இருந்தது. ஆய்வகத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறைதான் டார்க் ரூம். சிவப்பு பல்பும் ஹைப்போ வாடையும் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. மன்றத்துக்கு இருந்தது ஒரே ஒரு ஆக்ஃபா கிளிக் 3 கேமரா. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பிலிம் ரோல் ஒன்று போட்டால் 12 படம் வரும். பதின்மூன்றாவது கிடையாது. அந்த 12 படத்துக்கு நாங்கள் இருபது பேர் சண்டை போட்டோம்.

1983-ல் மன்றம் சித்தன்னவாசலுக்குச் சுற்றுலா போயிற்று. மாணவர்கள் மட்டும். மாணவிகள் வந்தால் பொறுப்பு ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் காலம் அப்படி. யாரையும் இப்போது குறை சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் விடுதி மொட்டைமாடியில் நின்று நான் அழுதது உண்மை. அப்புறம் கல்யாணம், அரசுப் பள்ளி வேலை, இரண்டு பிள்ளைகள், கடைசியில் தலைமையாசிரியை நாற்காலி. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் முதலில் வாங்கியது ஒரு கேமரா.

2024 பொங்கல் முடிந்த அடுத்த வாரம் கிளம்பினேன். வீட்டுக்காரர், "கார் எடுத்துக்கிட்டு டிரைவரோட போயேன்" என்றார். பெங்களூரில் இருக்கும் மகன், "லொகேஷன் அனுப்பிக்கிட்டே இரு" என்றான். இரண்டு பேருக்கும் சரி என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்: ஒரு நாளைக்கு 12 படம்தான். பழைய கிளிக் கேமராவுக்கு மரியாதை!

மழைக்காலம் முடிந்த சமயம். கீரனூர் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் கண்மாய்களில் தண்ணீர். வறண்ட சீமை என்று பெயர் வாங்கிய புதுக்கோட்டை மாவட்டம் தை மாதத்தில் எவ்வளவு பச்சையாக இருக்கும் என்பது அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத்தான் தெரியும். வலது பக்கம் திரும்பி நார்த்தாமலைக்குப் போனேன். ஸ்கூட்டரைக் கீழே விட்டுவிட்டு மொட்டைப் பாறையில் ஏறினால் மேலமலையில் விஜயாலய சோழீச்சுரம். 9-ஆம் நூற்றாண்டுக் கற்றளி. வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். கோயில் மேற்குப் பார்த்தது. அதனால் சாயங்கால வெயில் நேராக முகப்பில் விழும். கல் முழுக்கத் தேன் நிறமாகிவிடும். காலையில் போய்ப் படம் எடுத்தால் முகப்பு இருட்டாகத்தான் வரும். படம் எடுக்கப் போகும் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பத்துப் படம் எடுத்துவிட்டுக் கீழே இறங்கினேன். ஸ்கூட்டர் பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நின்றார். ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும்.

"என்னம்மா, படம் புடிக்க வந்தீகளா?"

"ஆமாக்கா."

"கோயிலையா, ஆளையா?"

"கோயிலைத்தான்."

"ஆளப் புடிக்க மாட்டீகளோ?"

தனியாக வந்த என்னை "கூட யாரும் வரலையா?" என்று அவர் கேட்கவே இல்லை. காரணம் பேச்சில் தெரிந்தது. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்ததே, நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்து கற்றுக்கொள்ள வந்த பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். இந்த அம்மாவும் அதில் ஒருத்தர். கல் குவாரியில் வேலை பார்த்தவர். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, வாடகைச் சைக்கிளில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டாராம். "எங்க வீட்டு ஆம்பள ரெண்டு நாள் பேசல. மூணாம் நாளு, ரேசன் கடைக்கு நீயே போயிட்டு வந்துருன்னாரு" என்று சொல்லிச் சிரித்தார்.

அப்புறம் சொன்னதுதான் என்னைச் சுட்டது. "அப்ப எங்கள நெறையப் பேரு படம் புடிச்சாக. எங்கெங்கிருந்தோ வந்தாக. பேப்பர்ல வந்துச்சாம். நான் ஒண்ணும் பாக்கல."

நானும் அவரும் கொஞ்ச நேரம் ஆடுகளையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவரே கேட்டார்: "நான் போனா மாட்டுறதுக்கு ஒரு படம் எடுத்துக் குடுக்குறீகளா? மகன்கிட்ட சொன்னா, ஆதார் படத்தப் பெருசாக்கிக்கலாம்ங்குறான். அதுல நான் ஆடு திருடுனவ மாதிரி இருக்கேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. என் அம்மா காலமானபோது வீடு முழுக்கத் தேடியும் அவர் தனியாக இருக்கும் படம் ஒன்று கிடைக்கவில்லை. கடைசியில் ரேஷன் கார்டுக்கு எடுத்த குடும்பப் படத்திலிருந்து அம்மா தலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி மாலை போட்டோம். முகம் புள்ளி புள்ளியாக இருக்கும். புகைப்பட மன்றத்தில் இருந்த மகள் நான்! அம்மாவை ஒரு படம் எடுக்கவில்லை.

அன்றைய கணக்கில் இரண்டு படம் பாக்கி இருந்தது. ஒன்று மார்பளவு. இரண்டாவதுக்கு, "உங்க வண்டியில உக்காந்துக்கவா?" என்று கேட்டு ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கேமராவைப் பார்க்கச் சொன்னேன். அவர் ஹேண்டில் பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படம் அனுப்பறேன்க்கா" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொன்னாக" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அப்போதே, இந்தப் படத்தைக் கையில் கொடுக்காமல் காரைக்குடிக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

ராத்திரி புதுக்கோட்டையில் ஒரு லாட்ஜ். வரவேற்பில் இருந்த பையன், "கூட யாரு மேடம் வர்றாங்க?" என்று மூன்று தடவை கேட்டான். மூன்றாவது தடவை கேமரா பையைத் தூக்கி மேஜை மேல் வைத்தேன். சாவி கொடுத்துவிட்டான்.

மறுநாள் காலையில் ஒரு சிறிய ஸ்டூடியோவைத் தேடிப் போனேன். அப்பா காலத்து என்லார்ஜரைத் துணி போட்டு மூடி மூலையில் வைத்திருந்தார் அந்தத் தம்பி. பிலிம் போய்விட்டது, கல்யாண ஆல்பத்தைப் பெரிய பெரிய ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள், செல்போன் வந்தபிறகு யாரும் பிரிண்ட் போடுவதில்லை. பாஸ்போர்ட் சைஸ் படமும், மாலை போட்டு மாட்டுகிற படமும்தான் இப்போது பிழைப்பு என்றார். என் படத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "பின்னால நீலத்துணி மாதிரி போட்டுடறேன் மேடம். கழுத்து வெறுமையா இருக்கு, ஒரு செயின் வெச்சுடலாம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாயங்கால வெளிச்சம், பின்னால் பாறை, உழைத்த முகம் எல்லாம் கூடி வந்த படம் அது. "ஒண்ணும் தொடாதீங்க, அப்படியே போடுங்க" என்றேன். அவர் ஒரு கேள்வி கேட்டார். "அந்தம்மாகிட்ட கேட்டீங்களா மேடம்?"

நான் கேட்கவில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளிடம் "கேட்டுச் செய்" என்று சொன்னவள், கேட்கவில்லை. இரண்டு விதமாகவும் பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கே சித்தன்னவாசலுக்கும் போனேன். நாற்பது வருஷத்துக் கணக்கு அல்லவா! மலைமேல் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களின் 17 கற்படுக்கைகளைப் பார்த்தேன். கீழே அறிவர் கோயில். விதானத்தில் தாமரைக்குளம், மீன், அன்னம், யானை, பூப்பறிக்கும் ஆட்கள். 9-ஆம் நூற்றாண்டில் தீட்டிய வண்ணம் பெரும்பாலும் மங்கிவிட்டது. அண்ணாந்து பார்த்துக் கண் பழகப் பழகத்தான் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டேன். 1983 சுற்றுலாப் படங்கள் நம் வராண்டாவில் மாட்டியிருந்தது ஞாபகம் வந்தது. அதில் ஒன்றில்கூட ஓவியம் கிடையாது. எல்லாவற்றிலும் வாசலில் வரிசையாக நின்ற பையன்கள்தான்! அவர்களில் மூன்று பேர் இப்போது இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள்.

மூன்றாம் நாள் திரும்பவும் நார்த்தாமலை. அந்த அம்மா படங்களைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். என் 'கலைப் படம்' ஓரமாகப் போய்விட்டது. நீலத்துணிப் படத்தை எடுத்தார். "இதான் நல்லாருக்கு. ஆனா இது என் சங்கிலி இல்லையே. என்னுது ரெட்டை வடம். மக கல்யாணத்துல அவளுக்குப் போட்டாச்சு. அது மாதிரி மாத்த முடியுமா?"

அவர் கேட்டது நகை ஆசையில் அல்ல. குவாரியில் கல் உடைத்துத் தானே சேர்த்து வாங்கிய சங்கிலியாம் அது. பேரப்பிள்ளைகள் தன்னைப் பார்க்கும்போது அதுவும் கழுத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தார். முகத்தில் உழைப்பு தெரிகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு உழைப்பு அந்தச் சங்கிலியில் இருந்தது.

நான்காம் நாள் புதுக்கோட்டைக்கும் நார்த்தாமலைக்கும் மறுபடி ஒரு நடை. இப்போது புரிகிறதா ஏன் ஆறு நாள் என்று? ஸ்டூடியோ தம்பி ரெட்டை வடத்தைப் பொறுமையாக வரைந்து கொடுத்தார். பிரேம் போட்டுக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். ஸ்கூட்டர் படத்தைப் பேத்தி பிடுங்கிக்கொண்டாள். "ஆயா, நீ வண்டி ஓட்டுவியா?" என்று அவள் கேட்டாள். அவளுக்கு அந்தக் கதையே தெரிந்திருக்கவில்லை. ஆயா திண்ணையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். நான் மெதுவாகக் கிளம்பிவிட்டேன்.

மீதி வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நமணசமுத்திரம் அய்யனார் கோயிலில் வரிசை வரிசையாகச் சுடுமண் குதிரைகள். திருமயத்தில் 1687-ல் சேதுபதி கட்டிய கோட்டை. மேலே ஏறினால் சுற்றுவட்டாரமே காலடியில். கானாடுகாத்தானில் தெருவுக்குத் தெரு பூட்டிய மாளிகைகள். ஆத்தங்குடியில் பூக்கல் செய்வதைப் பார்த்தேன். கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து, சாயம் கலந்த சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, மேலே கலவை போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயவைக்கிறார்கள். காய்ந்ததும் கண்ணாடி தானாகக் கழன்றுவிடும். கல்லுக்குப் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருகிறது. அந்தத் தொழிலாளியைப் படம் எடுக்கும் முன் கேட்டேன். "சட்டை போட்டுக்கிட்டு வர்றேன்" என்றார். காத்திருந்தேன். அன்றைக்கே காரைக்குடியில் பிரிண்ட் போட்டுத் திரும்பிவந்து கொடுத்தேன்.

ஆறு நாளில் 72 படம் எடுத்திருக்கலாம். எடுத்தது 58. அதில் ஆள் இருந்த 23 படங்களின் பிரிண்டும் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. பரிசு வாங்குகிற மாதிரி ஒரு படமும் என்னிடம் இல்லை. அதனால்தான் திரையில் ஒன்றும் காட்டவில்லை.

மாணவச் செல்வங்களே, உங்கள் செல்போனில் ஆயிரக்கணக்கில் படம் இருக்கும். அதில் அம்மாவின் படம் எத்தனை? கிச்சனில் அவசரமாக எடுத்தது வேண்டாம். அவர்களையே கேளுங்கள்: எந்தப் புடவை, எந்த இடம், எப்படி நிற்க வேண்டும் என்று. எடுத்து, பிரிண்ட் போட்டு, கையில் கொடுங்கள். நான் செய்யத் தவறியது அது. இப்போது நம் புகைப்பட மன்றத்தின் செயலாளர் ஒரு மாணவி என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். மன்றம் அடுத்த தடவை சுற்றுலா போகும்போது பிரிண்டுக்கும் திரும்பிப் போகும் பஸ் கட்டணத்துக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். சங்கம் உதவும் என்று தலைவர் தலையாட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்!

போன மாதம் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. நல்லா இருக்கீங்களா என்று கேட்டேன். "இருக்கேன், இருக்கேன். படம் பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு. மாட்டுற நேரம் இன்னும் வரல" என்றார்.

வராமலே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.