விலையுயர்ந்த ஸ்விட்சும் கேபிளும் இசையை உயர்த்துவதில்லை

வீட்டு ஸ்ட்ரீமிங் இசைக்கென்றே செய்யப்பட்ட நெட்வொர்க் ஸ்விட்சுகளும் ஈதர்நெட் கேபிள்களும் பல்லாயிரம் ரூபாய் முதல் சில லட்சம் வரை விலை போகின்றன. அவற்றை மாற்றி மாற்றிப் பொருத்தி, எதில் குரல் தெளிவு, எதில் பேஸ் ஆழம் என்று ஒப்பிடும் பழக்கம் இசைப்பிரியர்களிடம் வேரூன்றிவிட்டது. நடுவர் அவர்களே, அந்தப் பழக்கத்தால் இசைக்குப் பயன் உண்டா என்பதே கேள்வி. பயனில்லை என்பது இந்த அணியின் வாதம்.

முதலில், கேபிள் சுமக்கும் பளு எவ்வளவு? சிடி தரத்தில் இரண்டு சேனல், 16 பிட், நொடிக்கு 44,100 மாதிரிகள். பெருக்கினால் நொடிக்கு 14 லட்சம் பிட். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்ற உயர்தரப் பதிவும் நொடிக்கு 92 லட்சம் பிட்டுதான். ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண கிகாபிட் ஸ்விட்ச் நொடிக்கு 100 கோடி பிட் கடத்தும். உயர்தர இசைக்கு அதில் ஒரு சதவீதம்கூடத் தேவைப்படுவதில்லை.

போகும் வழியில் தரவு சிதையாதா? ஒவ்வொரு ஈதர்நெட் சட்டகத்தின் முடிவிலும் 32 பிட் சோதனை எண் ஒன்று இருக்கிறது. கணக்கு ஒத்துப்போகாத சட்டகத்தை ஸ்விட்ச் தூக்கி எறிந்துவிடும். இசைச் சேவைகளின் கோப்புகள் பெரும்பாலும் டிசிபி விதிப்படி வருவதால், விடுபட்டது மறுபடி அனுப்பப்பட்டு வரிசையில் சேர்க்கப்படும். கடிதம் சைக்கிளில் வந்தாலும் காரில் வந்தாலும் எழுத்து மாறாது. கேபிள் பழுதானால் பாட்டு அறுந்து அறுந்து வரும், அல்லது நின்றுபோகும். வயலினின் நாதம் மட்டும் சற்று மங்குவது என்ற இடைநிலைக்கு இங்கே வழியே இல்லை.

எதிரணியினர் அடுத்து எடுப்பது ஜிட்டர் என்னும் காலப் பிறழ்வு. அந்தக் கவலைக்கு ஒரு வேர் உண்டு. எஸ்பிடிஐஎஃப் என்னும் டிஜிட்டல் ஒலி இணைப்பில் கடிகாரத் துடிப்பும் இசைத் தரவும் ஒரே கம்பியில் சேர்ந்து வருவதால், அங்கே நேரம் பிசகினால், டிஜிட்டல் தரவை அனலாக் ஒலியாக மாற்றும் டாக் கருவியை அது பாதிக்க இடமுண்டு. ஈதர்நெட்டில் நிலைமை வேறு. தரவு பொட்டலம் பொட்டலமாக வந்து ஸ்ட்ரீமரின் நினைவகத்தில் தேங்குகிறது; டாக் தன் பக்கத்துக் கடிகாரத்தின் துடிப்புக்கு ஏற்ப அதை எடுத்துக்கொள்கிறது. பாட்டு ஓடும்போதே கேபிளைப் பிடுங்கினால், தேங்கியது தீரும்வரை பாட்டு தொடரும். கேபிளே இல்லாத அந்த நேரத்தில் இசை எப்படி ஒலித்ததோ, அப்படியேதான் கேபிள் இருந்தபோதும் ஒலித்தது.

எதிரணியின் வலுவான வாதம் மின் இரைச்சல். கேபிள் வழியே ஸ்விட்சின் இரைச்சல் டாக் வரை ஏறும் என்கிறார்கள். ஐஇஇஇ 802.3 தரம் ஈதர்நெட் போர்ட்டுகளுக்கு 1500 வோல்ட் தாங்கும் மின் தனிமைப்படுத்தலைக் கேட்கிறது. போர்ட்டில் உள்ள சிறு மின்மாற்றி அந்த வேலையைச் செய்கிறது. உயர் அதிர்வெண் இரைச்சலில் ஒரு பகுதி அதையும் தாண்டக்கூடும் என்பதை இந்த அணி மறுக்கவில்லை. ஆனால் அது இசையைத் தொட்டதா என்பதை டாக்கின் வெளியீட்டில் அளந்து பார்க்கலாம். தொட்டிருந்தாலும் மருந்து மலிவு: சில ஆயிரம் ரூபாயில் இடையே ஒரு துண்டு ஃபைபர் இணைப்பு, அல்லது வைஃபை. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. வைஃபையில் கம்பியே இல்லை. மாறாக, இருமுனையும் உலோக உறை கொண்ட ஆடம்பரக் கேபிள், இரு கருவிகளின் தரையிணைப்புகளைச் சேர்த்து, இல்லாத இரைச்சலுக்குப் புதுப் பாதை போட்டுவிடலாம்.

சில கேபிள்களில் திசை அம்புக்குறி இருக்கிறது. கிகாபிட் ஈதர்நெட்டில் நான்கு ஜோடிக் கம்பிகளிலும் ஒரே நேரத்தில் இரு திசையிலும் சமிக்ஞை ஓடுகிறது. அம்பு எந்தத் திசையைக் காட்ட முடியும்? தர எண்ணும் அப்படியே. கேட் 5இ கேபிளே 100 மீட்டருக்குக் கிகாபிட் வேகம் தரும். கூடத்தின் பத்து மீட்டருக்குக் கேட் 8 தேவையில்லை.

“காதால் கேட்டோமே” என்பார்கள். கேட்டவர்களின் நேர்மையில் ஐயமில்லை. ஆனால் கண் அறிந்தது காதை வளைக்கும். 1994-ல் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒரே ஸ்பீக்கர்களைப் பார்த்தும் பாராமலும் மதிப்பிடச் செய்து, தோற்றம் தெரிந்ததும் மதிப்பெண் மாறுவதைக் காட்டினர். ஸ்விட்சுக்கும் அதே சோதனை போதும். மாற்றுபவர் மறைவில் இருக்க, 16 முறை கேட்டு 12 முறையாவது சரியாகச் சொல்லட்டும். வெறும் ஊகத்தால் அது நடக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. பெட்டியைப் பார்த்துக்கொண்டே செய்யும் ஒப்பீடு இந்தச் சான்றைத் தராது.

இசையை உண்மையில் மாற்றுவது ஸ்பீக்கரும் அறையும். நான்கு மீட்டர் நீள அறையில் சுமார் 43 ஹெர்ட்ஸில் ஒலி முட்டி எழும். ஓரிடத்தில் பேஸ் வீங்கும், இன்னோரிடத்தில் காணாமல் போகும். இருக்கையை அரை மீட்டர் நகர்த்தினாலே வேறுபாடு கேட்கும்; செலவு ஏதுமில்லை. சுவர் மூலைகளில் தடித்த ராக்வூல் பலகை, நல்ல ஸ்பீக்கர், கவனமாகப் பதிவான இசை ஆகியவற்றில் போடும் பணம் காதுக்கே வந்து சேரும்.

ஆகவே நடுவர் அவர்களே, தரச்சான்று பெற்ற சாதாரணக் கேபிளும் மின்விசிறிச் சத்தமில்லாத எளிய ஸ்விட்சும் வீட்டு இசைக்குப் போதும். அதற்கு மேல் விலை கேட்பவர், அந்த விலை எந்த ஒலியாக மாறுகிறது என்பதை அளவீட்டிலோ மறைவுச் சோதனையிலோ காட்டக் கடமைப்பட்டவர். காட்டும்வரை இந்த ஒப்பீட்டுப் பழக்கத்தால் இசைக்குப் பயனில்லை என்றே தீர்ப்பு அமைய வேண்டும்.