சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்



பத்தாண்டு நிறைவு விழாவில் பாராட்டுரைக்கே இடம் மிகுதி. எனினும் பெண்ணும் சிறையும் பற்றி உரையாற்றுமாறு என்னைப் பணித்தீர்கள். நம் கவியரங்குகளில் மிகுதியாகப் புழங்கும் உருவகங்களுள் ஒன்று சிறை. அடுக்களையைச் சிறை என்றோம். தாலியை விலங்கு என்றோம். அவை தவறென்று கூறமாட்டேன். ஆயின், மெய்யான சிறையில் மெய்யான கம்பிகளுக்குப் பின்னால் இருக்கும் பெண்ணை நாம் எத்தனை முறை பாடினோம்? இவ்வினாவோடு தொடங்குகிறேன்.

மணிமேகலையின் பத்தொன்பதாம் காதைக்குச் 'சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை' என்று பெயர். அமுதசுரபியோடு புகார் நகரத்துச் சிறைக்குள் செல்லும் மணிமேகலை, அங்கே பசித்துக் கிடந்தோர்க்கு உணவளிக்கிறாள். செய்தியறிந்த மன்னன் வேண்டுவது யாதென வினவ, சிறையை நீக்கி அறக்கோட்டமாக்குமாறு வேண்டுகிறாள். மன்னனும் இசைகிறான். இதுவரை உள்ள கதையை நாம் மேடைதோறும் சொல்லி மகிழ்கிறோம். அதன்பின் வருவது இருபத்திரண்டாம் காதை. அதன் பெயர் 'சிறைசெய் காதை'. இளவரசன் உதயகுமரனை வெட்டிக் கொன்றவன் காஞ்சனன் என்னும் விஞ்சையன். இதனை முனிவர் வாயிலாக அறிந்த பின்னும், கணிகை மகளாகிய மணிமேகலையைக் காவலில் வைக்கவே மன்னன் ஆணையிடுகிறான். சிறைப்பட்டோர்க்கு உதவச் சென்றவளும் அவளே. குற்றமின்றிச் சிறைப்பட்டவளும் அவளே.

இக்கதை தலைகீழாக நடந்த வரலாறு ஒன்று நம் காலத்துக்கு அருகிலேயே உண்டு. 1909இல் ராஜமுந்திரியில் பிறந்த துர்காபாய், உப்புச் சத்தியாக்கிரகக் காலத்தில், 1930க்கும் 1933க்கும் இடையில், மும்முறை சிறை சென்றார். வேலூரிலும் மதுரையிலும் அடைபட்டிருந்தபோது, கொலைக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்றிருந்த எழுத்தறியாப் பெண்களைக் கண்டார். சட்டம் இன்னதென்று அறியாமலே அவர்கள் தம் வாழ்வை இழந்திருந்த நிலை அவர் உள்ளத்தைத் தைத்தது. வெளிவந்து, விட்ட படிப்பைத் தொடர்ந்தார். 1940களின் தொடக்கத்தில் சட்டப் பட்டம் பெற்றுச் சென்னை உயர் நீதிமன்றத்தில் குற்றவியல் வழக்குகளை நடத்தினார். அரசியல் நிர்ணய சபையிலும் இடம்பெற்றார். துர்காபாய் தேஷ்முக் என்று நாடு அறிந்த அந்த வழக்கறிஞரை உருவாக்கியதில், உடன் இருந்த கைதிகளின் குரலுக்குப் பெரும் பங்கு உண்டு.

அன்று சிறை செல்வது பெருமை. கடலூர் அஞ்சலையம்மாள் கருவுற்ற நிலையில் வேலூர்ச் சிறையில் இருந்தார்; மகப்பேற்றுக்காக வெளியே விடப்பட்டு, கைக்குழந்தையோடு மீண்டும் சிறை புகுந்தார். அம்மகனுக்கு ஜெயில்வீரன் என்றே பெயர் வழங்கிற்று. 1938இல் கட்டாய இந்தியை எதிர்த்து மறியல் செய்த தமிழ்ப் பெண்களுள் குழந்தைகளோடு சிறை சென்றவர்களும் உண்டு. மருத்துவர் தருமாம்பாளும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அப்போரில் சிறை ஏகியவர்கள். இவர்களைப் பாடினோம், பாடியது தகும்.

இனி, போராட்டத்தால் அன்றி வழக்கினால் சிறை சென்ற பெண்ணைப் பாருங்கள். 2006ஆம் ஆண்டு ஏப்ரலில், ஆர்.டி. உபாத்யாய் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஆறு வயது வரை குழந்தை தாயோடு சிறையில் இருக்கலாம். அதன் உணவுக்கும் மருத்துவத்திற்கும் கல்விக்கும் வழி செய்தல் வேண்டும். சிறையில் குழந்தை பிறந்தால், பிறப்புப் பதிவில் சிறை என்று எழுதலாகாது, அவ்வூர்ப் பகுதியின் முகவரியையே எழுதுதல் வேண்டும். கருணை மிக்க ஆணை இது. ஆயினும் இதற்குத் தேவை ஏன் வந்தது? ஒரு குழந்தை சிறையின் பெயரையே தன் பெயராகச் சூடி வளர்ந்தது. மற்றொரு குழந்தையிடமிருந்து அப்பெயரைச் சட்டமே மறைத்துக் காக்க வேண்டியிருக்கிறது. சிறைக்கதவு ஒன்றுதான். வெளியே நிற்கும் நம் பார்வைதான் வேறு.

சிறைக்கு உறவினர் வந்து பார்ப்பதை 'மனு' என்பார்கள். ஆடவர் சிறையின் வாயிலில் தாயும் மனைவியும் தங்கையும் மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் காட்சியைக் காணலாம். பெண் சிறைப்பட்டால் அவ்வரிசை குறுகிவிடுகிறது. கணவன் வாராது ஒழிவதும், மானம் போயிற்றென்று பிறந்த வீடு கதவடைப்பதும் அடிக்கடி நிகழ்வன. நீதிமன்றம் ஜாமீன் வழங்கினாலும், பிணைக் கையொப்பமிட ஆள் இராது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் பெண்கள் 23,772 பேர். ஏறத்தாழ நூற்றுக்கு நால்வர். அவர்களுள் 1,537 தாய்மார் 1,764 குழந்தைகளை உடன் வைத்திருந்தனர். தொகை சிறிதாகையால் அவர்களுக்கென அமைந்த தனிச் சிறைகளும் சிலவே. ஊரிலிருந்து நெடுந்தொலைவில் அடைபட்டவளைக் காண, ஏழைத் தாயொருத்தி ஒரு நாள் கூலியை இழந்து பேருந்துக் கட்டணமும் தேடியாக வேண்டும்.

இத்தனிமையை உடைத்தது எது என்று எண்ணிப் பார்க்கிறேன். செவிகொடுத்துக் கேட்ட சிலர் இருந்தார்கள். பீகார்ச் சிறைகளில் விசாரணையின்றி ஆண்டுக்கணக்காகக் கிடந்தோரைப் பற்றி நாளிதழில் படித்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி, 1979இல் உச்ச நீதிமன்றம் சென்றார். குற்றமே சாட்டப்படாமல், சாட்சி சொல்ல வேண்டியவர்கள் என்பதற்காகவே 'பாதுகாப்புக் காவல்' என்ற பெயரில் பெண்கள் அடைபட்டிருந்தமை அப்போது வெளிப்பட்டது. அவ்வழக்கு இன்றும் ஹுசைனாரா காத்தூன் என்னும் பெண் கைதியின் பெயராலேயே வழங்குகிறது. அடுத்து, இதழாளர் ஷீலா பர்சே பம்பாய் மத்தியச் சிறையில் பதினைந்து பெண்களிடம் பேசினார். காவல் நிலையத்தில் தாங்கள் அடிக்கப்பட்டதாக ஐவர் கூறினர். அவர் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்ற உச்ச நீதிமன்றம், உண்மையறிய ஒரு சமூகப் பணிக் கல்லூரியின் பெண் இயக்குநரைச் சிறைக்கு அனுப்பியது. பெண்களுக்குத் தனிக் காவலறை வேண்டும், அதற்குப் பெண் காவலர் வேண்டும், பெண் காவலர் முன்னிலையிலேயே அவர்களை விசாரித்தல் வேண்டும் என்று 1983இல் தீர்ப்பு வந்தது.

காக்கி உடுத்த பெண்களையும் மறத்தலாகாது. தமிழகக் காவல் துறையில் 1973இல் பெண்கள் சேர்ந்தனர். 1992இல் சென்னை ஆயிரம்விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. அடிபட்டு வந்த பெண் அச்சமின்றிப் பேச ஓர் இடம் என்பது அதன் நோக்கம். அந்நிலையத்தில் பிறர் துயர் கேட்கும் பெண் காவலருக்கும் துயர் உண்டு. பாதுகாப்புப் பணிக்காக, கழிப்பிட வசதியுமின்றிச் சாலையோர வெயிலில் மணிக்கணக்காக நின்றவர் அவர். தலைவர்கள் செல்லும் சாலைகளில் பெண் காவலரை நிறுத்துவதைத் தவிர்க்குமாறு 2021இல்தான் அறிவுறுத்தல் வந்தது.

எழுதுவோர்க்கு இங்கே இடமில்லை என்று எவரும் கருத வேண்டா. 1976இல் இந்தியக் காவல் பணியில் சேர்ந்த திலகவதி, கட்டடத் தொழிலாளர் வாழ்வைச் சொல்லும் 'கல்மரம்' புதினத்திற்காக 2005ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். காவல் பணியும் எழுத்தும் ஒருவரிடமே அமையக்கூடும் என்பதற்கு அவர் சான்று.

அவையோரே, நம் கையில் அமுதசுரபி இல்லை; சிறைக்கோட்டத்தை இடிக்கும் ஆற்றலும் இல்லை. நமக்கு இருப்பவை செவியும் எழுதுகோலும். ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பதினோராம் ஆண்டில் நம் கூட்டங்களுள் ஒன்றையேனும், சிறைத் துறையின் இசைவு பெற்று, ஒரு மகளிர் சிறையில் நடத்துவோம். அன்று நம் கவிதைகளை நாம் படிக்க வேண்டா. அங்கிருக்கும் பெண்கள் பேசட்டும். பாடத் தெரிந்தவர் பாடட்டும். எழுதத் தெரியாதவர் சொல்வதை நாம் எழுதிக் கொள்வோம். மனுப் போட்டுப் பார்க்க ஒருவரும் வராத பெண்ணைப் பார்க்க ஓர் இலக்கிய வட்டம் வந்தது என்றால், நாம் பத்தாண்டு தமிழ் வளர்த்ததற்கு அது தக்க பயனாகும்.

வட்டம் வாழ்க, வளர்க.