கதவைத் தட்டுவது யார்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கல்வராயன்மலை குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கடனைப் பத்தியும் சேமிப்பைப் பத்தியும் முன்னாடி பேசினவங்க நல்லாச் சொல்லிட்டாங்க. நான் ஒரு கதவைப் பத்திச் சொல்ல வந்திருக்கேன்.

போன மழைக்காலத்துல எங்க ஊர்ல நடந்தது. தனியா இருக்கிற ஒரு பாட்டிக்கு ரெண்டு நாளா காய்ச்சல். ராத்திரி பக்கத்து வீட்டுப் பொண்ணு போய்க் கூப்பிட்டா, உள்ள முனகல் சத்தம் மட்டும் கேட்குது, கதவு திறக்கல. உடனே 108-க்குப் போன் போட்டா. வண்டி எங்க வீடுகள் வரைக்கும் ஏறாது. ரோட்டுல நிறுத்திட்டு அந்த ஆம்புலன்ஸ் தம்பி டார்ச் அடிச்சுக்கிட்டு நடந்து வந்தார். கதவை நெம்பித் திறந்து உள்ள போனார். இந்தப் பொண்ணு போர்வை எடுக்க அவ வீட்டுக்கு ஓடினா. அந்த நேரம் பார்த்து, மரவள்ளிக் காட்டுல பன்னிக் காவலுக்குப் போயிருந்த பேரன் திரும்பி வந்தான். பாட்டி வீட்டுக்குள்ள இருட்டுல ஒரு ஆம்பள. கையில இருந்த தடியால ஓங்கி அடிச்சுட்டான்.

அந்தத் தம்பிக்குத் தலையில ஆறு தையல். ரத்தம் வழிய வழிய, "முதல்ல பாட்டியத் தூக்குப்பா"ன்னு அடிச்சவன்கிட்டயே சொன்னாராம். பாட்டி பிழைச்சாங்க.

மறுநாள் ஊர் ரெண்டா நின்னுது. "ராத்திரி வீட்டுக்குள்ள ஆள் நுழைஞ்சா அடிக்காம என்ன பண்ணுவான்?"னு ஒரு பக்கம். "இனிமே நம்ம ஊருக்கு வண்டி வருமா?"ன்னு இன்னொரு பக்கம். ரெண்டுமே நியாயமான கேள்வி. அதனால சட்டப் பணிகள் குழு வக்கீலம்மாகிட்ட போய் உட்கார்ந்து கேட்டேன். அவங்க சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன்.

2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா பாரதிய நியாய சன்ஹிதா நடப்புல இருக்கு. அதுல 34 முதல் 44 வரை உள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமை. நம்ம உடம்பை, அடுத்தவர் உடம்பை, நம்ம சொத்தைக் காப்பாத்திக்க எதிர்த்து நிற்கலாம். பொண்ணுக்கிட்ட பலாத்காரத்துக்கு வர்றவனை, ஆசிட் வீச வர்றவனைத் தடுக்கும்போது அவன் உயிரே போனாலும் அது குற்றம் இல்ல. ஆனா தேவைக்கு மேல அடிக்கக் கூடாது. திருடன் ஓடிட்டான், ஆபத்து முடிஞ்சிருச்சுன்னா, துரத்திப் போய் வெட்டுறது தற்காப்பு ஆகாது.

சரி, காப்பாத்த வர்றவர்? அத்துமீறி நுழைஞ்ச குற்றம்னா, குற்றம் செய்யவோ மிரட்டவோ அவமானப்படுத்தவோ தொந்தரவு கொடுக்கவோ எண்ணம் இருக்கணும். உயிரைக் காப்பாத்த நுழைஞ்சவருக்கு அந்த எண்ணம் ஏது? சம்மதம் சொல்ல முடியாம கிடக்கிறவருக்கு நல்லெண்ணத்தோட செய்யுற உதவியைப் பிரிவு 30 பாதுகாக்குது. பெரிய தீ பரவாம இருக்க நடுவுல ஒரு வீட்டை இடிச்சாலும், பிரிவு 19 அதைக் குற்றமாப் பார்க்காது.

அப்போ பேரன்? திருடன்னு நல்லெண்ணத்தோட தவறா நம்பி அடிச்சிருந்தா, சட்டம் அதையும் கணக்குல எடுத்துக்கும். ஆனா ஆம்புலன்ஸ்காரர்னு தெரிஞ்ச பிறகும் அடிச்சா, அந்தச் சாக்கு சொல்ல முடியாது. அந்தத் தம்பி புகார் கொடுக்கல. பேரன் போய் மன்னிப்பு கேட்டான். எல்லா இடத்துலயும் இப்படியே முடியும்னு நம்பி நாம இருக்க முடியாது.

உங்க மனசுல ஓடுறது எனக்குத் தெரியுது. "யூனிஃபார்ம் போட்டவன் எல்லாம் நல்லெண்ணத்தோடவா வர்றான்?" நமக்கு வாச்சாத்தி தெரியும். 1992 ஜூன் 20, தருமபுரி மாவட்டம். அங்க இருந்ததும் நம்ம மாதிரி மலையாளி சனம்தான். சோதனைன்னு உள்ள வந்தவங்க 18 பெண்களைச் சீரழிச்சாங்க. 2011 செப்டம்பர் 29-ல, குற்றம் சாட்டப்பட்ட 269 பேர்ல உயிரோட இருந்த 215 பேரும் குற்றவாளின்னு தீர்ப்பு வந்துச்சு. 2023-ல உயர் நீதிமன்றமும் அதை உறுதி செஞ்சுது. அரசு ஊழியர் நல்லெண்ணத்தோட கடமையைச் செய்யும்போது அவரை எதிர்க்கத் தற்காப்பு உரிமை இல்ல. ஆனா உயிருக்கோ உடம்புக்கோ பெரிய கேடு வரும்னு நியாயமான பயம் இருந்தா அந்த உரிமை நம்மகிட்டயேதான் இருக்கு.

அதுக்காக எல்லாருக்கும் கதவைச் சாத்திட முடியுமா? 2024 ஜூன்ல கருணாபுரத்துல விஷச் சாராயம் 60-க்கும் மேல உயிரைக் கொண்டு போச்சு. மெத்தனால் குடிச்சவர் முதல்ல சாதாரண போதை மாதிரிதான் இருப்பார். வயித்து வலியும் கண் மங்குறதும் பின்னாலதான் வரும். அங்க ஒவ்வொரு மணி நேரமும் ஒரு உயிர். நம்ம வீட்டுக் கதவு திறக்கத் தாமதமானா, போறது நம்ம தாலிதான்.

எங்க குழுவுல நாங்க தீர்மானம் போட்டிருக்கோம். 108-க்கோ 112-க்கோ போன் போட்டா, உடனே ரெண்டு பேர் விளக்கோட ரோட்டுக்குப் போய் நிற்கணும். வர்றவங்களுக்கு முன்னால நம்ம பொண்ணு ஒருத்தி வீட்டுக்குள்ள போகணும். வெளியில போயிருக்கிற வீட்டுக்காரங்களுக்குப் போன்ல சொல்லணும். யாராவது தட்டினா கதவுக்கு உள்ள இருந்தே பேர், எங்கிருந்து வர்றீங்கன்னு கேளுங்க. கேட்கிறது தப்பில்ல. வழக்கு கிழக்குன்னு வந்தா பயப்படாதீங்க, பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் பேசுங்க.

இந்தத் தீர்மானத்துக்குக் காசு செலவே இல்ல. உங்க குழு நோட்டுலயும் இதை எழுதிக்கோங்க.

எங்க ஊர்ல விளக்கு எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு ஓடுறவங்கள்ல அந்தப் பேரனும் ஒருத்தன்.